வல்லுநர் சொல்லும் வணிகச் சொல்லும்

நுழையும்முன்

ஒரு பொருளை விற்பவர் அதன் சிறப்பைத் தாமே எடுத்துரைப்பது வணிகத்தின் இயல்பு. அதே சிறப்பை மருத்துவர் ஒருவர் எடுத்துரைத்தால் கேட்போர் மனத்தில் ஐயம் குறைகிறது, நம்பிக்கை வளர்கிறது. இந்த நம்பிக்கையை விலைகொடுத்துப் பெற்று, உணவுப் பொருள்களின் விற்பனைக்குப் பயன்படுத்தும் போக்கு நூறாண்டுகளாக உலகெங்கும் காணப்படுகிறது. அதனைத் தடுக்க அரசுகள் இயற்றிய சட்டங்களையும், அச்சட்டங்கள் செயற்படும் முறையையும், நுகர்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் விளக்குகிறது இப்பாடம்.

உரை என்னும் அளவை

உண்மையை அறியும் வழிகளை அளவைகள் என்பர். காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. அடுப்பில் எரியும் தீயைக் கண்ணால் காண்பது காண்டல். தொலைவில் எழும் புகையைக் கொண்டு அங்கே தீ உண்டு எனத் துணிவது கருதல். நேரில் காணவும் கருதி அறியவும் இயலாத ஒன்றை, அதனை அறிந்தவர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை.

உணவைப் பொறுத்தவரை மக்கள் நெடுங்காலம் காண்டலையே நம்பி வாழ்ந்தனர். அரிசியின் பழமையை நிறத்தால் அறிந்தனர். நெய்யின் தூய்மையை மணத்தால் அறிந்தனர். காயின் இளமையை நகத்தால் கீறி அறிந்தனர். பொட்டலத்தில் அடைக்கப்பட்டு வரும் உணவில் இவ்வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு மாவுப்பொருளில் எவ்வளவு சர்க்கரை சேர்க்கப்பட்டுள்ளது, அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருமா, அதனை உண்ணும் குழந்தை உண்மையிலேயே உயரமாக வளருமா என்பவற்றைக் கண்ணாலோ நாவாலோ அறிய முடியாது. ஆகவே நுகர்வோர் உரையை நாடுகின்றனர். உடலைப் பற்றி அறிந்தவர் மருத்துவர் என்பதால், அவர் சொல்லே இங்குப் பெரிய சான்றாக அமைகிறது.

ஒருவர் உரையைச் சான்றாக ஏற்பதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, சொல்பவர் அப்பொருளை உண்மையாகவே அறிந்திருத்தல். மற்றொன்று, கேட்பவரின் நன்மையைத் தவிர வேறு பயனைக் கருதாமல் சொல்லுதல். மருத்துவமனையில் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து அறிவுரை கூறும் மருத்துவரிடம் இவ்விரண்டும் உள்ளன. விளம்பரத்தில் தோன்றும் மருத்துவரிடம் முதல் தகுதி இருக்கலாம். இரண்டாம் தகுதி இருப்பதில்லை. ஏனெனில், அவருக்கு ஊதியம் தருபவர் பொருளை விற்பவரே. வெண்ணிற மேலாடையும் கழுத்தில் தொங்கும் இதயத்துடிப்பு மானியும் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

காலையுணவும் ஒரு கடிதமும்

வல்லுநரின் சொல் வணிகத்திற்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதற்கு அமெரிக்காவில் 1920களில் நிகழ்ந்த ஒரு செயல் சிறந்த எடுத்துக்காட்டாகும். பீச்-நட் என்னும் நிறுவனம் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சியை விற்றுவந்தது. அமெரிக்கர் பலர் அக்காலத்தில் காலையில் காப்பியும் ரொட்டியுமே உண்டதால் அதன் விற்பனை உயரவில்லை. அந்நிறுவனம், மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடியாகக் கருதப்படும் எட்வர்டு பெர்னேஸ் என்பவரை அணுகியது.

பெர்னேஸ் இறைச்சியைப் புகழ்ந்து விளம்பரம் எழுதவில்லை. மருத்துவர் ஒருவரைக் கொண்டு, நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 5,000 மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதச் செய்தார். எளிய காலையுணவு நல்லதா, நிறைவான காலையுணவு நல்லதா என்பதே வினா. நிறைவான உணவே நல்லது எனப் பெரும்பாலோர் விடையளித்தனர். அவ்விடை நாளிதழ்களில் செய்தியாக வெளிவந்தது. இறைச்சியும் முட்டையும் நிறைவான காலையுணவாகும் என்னும் கருத்து அச்செய்தியோடு இணைத்துப் பரப்பப்பட்டது. விற்பனை உயர்ந்தது. பெர்னேஸே பிற்காலத்தில் இதனை விளக்கிக் கூறியுள்ளார்.

இந்நிகழ்ச்சியில் எந்த மருத்துவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் விடையளித்த வினா வேறு. மக்கள் புரிந்துகொண்ட செய்தி வேறு. உப்பும் கொழுப்பும் மிகுந்த ஓர் இறைச்சியை நாள்தோறும் உண்ணலாமா என அவர்களிடம் எவரும் கேட்கவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும், அவை சேர்ந்து உண்டாக்கும் எண்ணம் பொய்யாக இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. சட்டங்கள் "பொய்யான விளம்பரம்" என்பதோடு நில்லாமல் "தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரம்" என்றும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

செவிலியர் உடையில் வந்த விற்பனை

பெரியவர்கள் ஏமாந்தால் பணம் வீணாகும். உடல் நலம் மெல்லக் குன்றும். குழந்தைகளின் உணவில் அதே ஏமாற்றம் உயிரையே பறிக்கும். குழந்தைப் பால்மாவின் வரலாறு இதற்குச் சான்று.

ஜமைக்காவில் பிறந்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1930களின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் பணியாற்றினார். செவிலியர் போன்று உடையணிந்த பெண்கள் தாய்மாரிடம் சென்று, இனிப்பூட்டிய டப்பாப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பரிந்துரைப்பதை அவர் கண்டார். அவர்கள் உண்மையில் விற்பனைப் பணியாளர்கள். 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையில் இதனை வன்மையாகக் கண்டித்தார். "பாலும் கொலையும்" என்பது அவ்வுரையின் தலைப்பு.

அத்தலைப்பு மிகையன்று. தாய்ப்பாலை நிறுத்திய தாய்க்குச் சில நாள்களில் பால் சுரப்பது குறைந்துவிடும். பின்னர் மீள்வது கடினம். மாவைக் கரைக்கத் தூய நீர் வேண்டும். புட்டியைக் கொதிநீரில் கழுவ விறகு வேண்டும். இவை கிடைக்காத ஏழை வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டாகும். மாவின் விலை தாங்காத குடும்பம், நான்கு நாளுக்குரிய மாவை எட்டு நாளுக்கு நீட்டி, நீர்த்த பாலைப் புகட்டும். குழந்தை வயிறு நிரம்பியும் சத்தின்றி மெலியும். தாயின் அன்பில் குறையில்லை. அவள் நம்பிய உரையில்தான் குறை இருந்தது. செவிலியர் உடை அவளுடைய ஐயத்தை நீக்கிவிட்டது.

இவ்வகை விற்பனைக்கு எதிரான குரல் 1970களில் உலகெங்கும் வலுத்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 118 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன. ஒரே ஒரு நாடு எதிர்த்தது. பொதுமக்களிடம் இப்பொருள்களை விளம்பரப்படுத்துதல் கூடாது எனவும், மருத்துவமனைகளை இவற்றின் விற்பனைக்குப் பயன்படுத்துதல் கூடாது எனவும், நிறுவனங்கள் ஊதியம் தந்து அமர்த்தும் செவிலியரை மருத்துவப் பணிக்குள் அனுமதித்தல் கூடாது எனவும் அந்நெறிமுறை வகுத்தது.

இந்தியா இந்நெறிமுறையைச் சட்டமாகவே ஆக்கியது. 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் தொடர்பான சட்டம் இப்பொருள்களின் விளம்பரத்தை முற்றிலும் தடைசெய்கிறது. டப்பாவின் மீது தாய் அல்லது குழந்தையின் படத்தை அச்சிடுதல் கூடாது. மருத்துவப் பணியாளருக்கு நிறுவனங்கள் பணமோ பரிசோ தருதல் கூடாது. 2003ஆம் ஆண்டின் திருத்தம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய உணவுகளையும் இத்தடைக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது. வல்லுநரின் உரை விலைக்குப் போகாமல் காப்பதற்கென இயற்றப்பட்ட மிகக் கடுமையான சட்டங்களுள் இதுவும் ஒன்று.

இந்தியச் சட்டம் வகுத்த எல்லை

பிற உணவுப் பொருள்களை விளம்பரம் செய்வதற்குத் தடையில்லை. எல்லை மட்டுமே உண்டு. அவ்வெல்லை புதியதன்று. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் 1955இல் வகுக்கப்பட்ட விதிகளிலேயே அது காணப்படுகிறது. உணவுப் பொட்டலத்தின் மேற்சீட்டில் "மருத்துவத் துறையினரால் பரிந்துரைக்கப்பட்டது" என்னும் சொற்களோ, மருத்துவர்கள் பரிந்துரைத்ததாகவோ ஏற்றுக்கொண்டதாகவோ உணர்த்தும் வேறு சொற்களோ இடம்பெறுதல் கூடாது என்று அவ்விதிகள் கூறின. 2011ஆம் ஆண்டின் பொட்டலமிடல், மேற்சீட்டு விதிமுறைகளும் இத்தடையைத் தொடர்ந்தன.

இத்தடையின் நுட்பம் கருதத்தக்கது. அப்பரிந்துரை மெய்யா பொய்யா என்று விதி கேட்கவில்லை. மெய்யாகவே பத்து மருத்துவர்கள் பரிந்துரைத்திருந்தாலும் அதனை மேற்சீட்டில் அச்சிடுதல் கூடாது. மருத்துவரின் பரிந்துரை என்பது ஒரு நோயாளியின் வயது, உடல்நிலை, நோய் ஆகியவற்றை ஆராய்ந்து அவருக்கு மட்டும் கூறப்படுவது. நீரிழிவு உள்ளவருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், ஓடியாடும் சிறுவனுக்கும் ஒரே உணவைப் பரிந்துரைக்கும் மருத்துவர் இல்லை. கடையில் எவரும் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பொட்டலத்தின்மீது அச்சொல் அச்சிடப்படும்போது அது தன் பொருளை இழந்துவிடுகிறது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதனை நடைமுறைப்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அமைக்கப்பட்டது. இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, தவறான எண்ணத்தை உண்டாக்கும் உணவு விளம்பரங்களைத் தடைசெய்கிறது. போதிய அறிவியல் அடிப்படை இல்லாமல் ஓர் உணவின் பயனுக்கு உறுதி அளிப்பதும் குற்றமாகும். அத்தகைய அடிப்படை உண்டு என வாதிடுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. இது மிக முதன்மையான ஒரு விதி. பொருள் தீங்கானது என்று மெய்ப்பிக்கும் சுமை அதனை வாங்கும் எளிய குடும்பத்தின்மீது விழுவதில்லை. நன்மையானது என்று முழங்கியவரின்மீதே விழுகிறது.

53ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்தை வெளியிட்டவருக்கும் அதில் பங்குபெற்றவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். 2018ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விளம்பரங்கள், உரிமைகோரல்கள் தொடர்பான விதிமுறைகள் இதனை மேலும் விரித்துரைக்கின்றன. விளம்பரச் செய்தி உண்மையாகவும் தெளிவாகவும் அறிவியல் சான்று உடையதாகவும் இருத்தல் வேண்டும். உணவு நோயைத் தீர்க்கும் என்று, தனி அனுமதி இன்றிச் சொல்லுதல் கூடாது. நல்வாழ்க்கை முறையின் இன்றியமையாமையைக் குறைத்துக் காட்டுதலும் கூடாது.

தெரிந்து தெளிவோம்

ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு உணவுகளின் ஊட்டச்சத்து, உடல்நலம் தொடர்பான உரிமைகோரல்களுக்கு ஒழுங்குமுறை ஒன்றை வகுத்தது. அதன் 12ஆம் உறுப்பு, தனிப்பட்ட மருத்துவர் அல்லது உடல்நலத் துறையினரின் பரிந்துரையைக் குறிப்பிடும் உரிமைகோரல்களைத் தடைசெய்கிறது. ஓர் உணவை உண்ணாவிட்டால் உடல்நலம் கெடும் என்று அச்சமூட்டும் உரிமைகோரல்களுக்கும் அங்கு இடமில்லை.

ஆணையம் கேட்ட வினா

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உணவு உள்ளிட்ட எல்லாப் பொருள்களின் விளம்பரங்களுக்கும் பொதுவானது. இச்சட்டத்தின்கீழ் 2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தவறான விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ இவ்வாணையம் ஆணையிடலாம். பொருளை உற்பத்தி செய்பவருக்கும், விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் தவறு செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். பரிந்துரைப்பவர் ஓராண்டு வரை எப்பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது எனத் தடைவிதிக்கலாம். மீண்டும் தவறினால் அத்தடை மூன்றாண்டு வரை நீளும். விளம்பரச் செய்தியின் உண்மையை உரிய கவனத்துடன் ஆராய்ந்த பின்னரே அதில் தோன்றியதாக மெய்ப்பிப்பவர் இத்தண்டத்திலிருந்து நீங்குவார்.

இவ்வாணையம் செயற்படும் முறையை 2022ஆம் ஆண்டின் ஒரு நடவடிக்கை நன்கு காட்டுகிறது. அது உணவு பற்றியதன்று, பற்பசை பற்றியது. ஆயினும் வல்லுநர் பரிந்துரை எவ்வாறு ஆராயப்படுகிறது என்பதை அதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. சென்சோடைன் பற்பசையின் விளம்பரங்களில், "உலகெங்கும் பல் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுவது" என்னும் தொடர் இடம்பெற்றது. வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் திரையில் தோன்றி அதனைப் பரிந்துரைத்தனர்.

ஆணையம் நிறுவனத்திடம் ஓர் எளிய வினாவைத் தொடுத்தது: இதற்குச் சான்று யாது? நிறுவனம் இரண்டு சந்தை ஆய்வுகளை அளித்தது. அவ்வாய்வுகள் இந்தியாவிலுள்ள பல் மருத்துவர்களிடம் மட்டுமே நடத்தப்பட்டவை. "உலகெங்கும்" என்னும் சொல்லுக்கு அவற்றில் அடிப்படை இல்லை. ஆகவே அவ்விளம்பரங்களை நிறுத்த ஆணையிட்டதோடு 10 இலட்சம் ரூபாய் தண்டமும் விதித்தது ஆணையம். இந்திய மருத்துவர்கள் பரிந்துரை விளம்பரத்தில் தோன்றுவதை அவர்களது தொழில்நெறி தடுக்கும்போது, வெளிநாட்டு மருத்துவர்களைக் காட்டி அத்தடையைக் கடந்து செல்ல முடியாது என்பதையும் தெளிவுபடுத்தியது. 2022 ஜூன் மாதம் வெளியிடப்பட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளில் இக்கருத்து விதியாகவே இடம்பெற்றது.

மருத்துவரின் பொறுப்பு

உரையை வாங்குபவருக்கு மட்டுமின்றி விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டு வகுத்த தொழில்நெறி விதிமுறைகள், எந்த மருந்தையோ வணிகப் பொருளையோ பாராட்டி மருத்துவர் சான்றோ பரிந்துரையோ வழங்குதல் கூடாது என்கின்றன. விளம்பரத்தில் தம் பெயரையும் படத்தையும் பயன்படுத்த இசைவதும் நெறிமீறலே.

இந்நெறி ஒரு தனிமனிதரை மட்டும் கட்டுப்படுத்துமா, மருத்துவர் அமைப்பையும் கட்டுப்படுத்துமா என்னும் வினா 2008ஆம் ஆண்டு எழுந்தது. இந்திய மருத்துவச் சங்கம், பெப்சிகோ நிறுவனத்தின் பழச்சாற்றுக்கும் ஓட்ஸ் உணவுக்கும் தன் ஆதரவை வழங்க உடன்பாடு செய்துகொண்டது. நோயாளிகளின் நம்பிக்கையைச் சங்கம் ஒரு நிறுவனத்திற்கு அளித்துவிட்டதாக மருத்துவர்களே கண்டனம் தெரிவித்தனர். இந்திய மருத்துவக் கழகம் இதனை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு சங்கத்தின் பொறுப்பாளர்கள்மீது நடவடிக்கை எடுக்க முற்பட்டது. பல்லாயிரம் உறுப்பினர் கொண்ட அமைப்பின் முத்திரை, தனியொரு மருத்துவரின் முகத்தைவிட மக்களை ஆழமாக ஈர்க்கும். அதனால் அமைப்புகளின் பொறுப்பும் மிகுதி.

சொல்லைச் சுற்றிச் செல்லும் வழிகள்

சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் விளம்பரம் மற்றொரு வாயிலைத் தேடுகிறது. "மருத்துவர் பரிந்துரைப்பது" என்று சொல்லாமல், வெண்மேலாடை அணிந்த நடிகர் ஒருவரைத் திரையில் நிறுத்தினால் அதே எண்ணம் பார்ப்போர் மனத்தில் தோன்றும். "ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது" என்று பெரிய எழுத்திலும், அவ்வாய்வின் எல்லையை ஓர் உடுக்குறியிட்டுச் சிறிய எழுத்திலும் காட்டினால் படிப்போர் பெரிய எழுத்தை மட்டுமே படிப்பர். இதனைக் கருதியே, பொறுப்புத்துறப்புக் குறிப்பு விளம்பரச் செய்தி உள்ள அதே மொழியில், படிக்கத்தக்க வகையில் அமைய வேண்டும் என்றும், முதன்மைச் செய்தியின் தவறான பொருளை அக்குறிப்பால் திருத்திவிட முடியாது என்றும் 2022ஆம் ஆண்டின் நெறிமுறைகள் கூறுகின்றன. குழந்தைகளின் அறிவோ உடல் வலிமையோ பெருகும் என்று, தக்க சான்றின்றிக் கூறும் விளம்பரங்களையும் அவை தடைசெய்கின்றன.

ஒரு பொருளின் வகைப்பெயரே பரிந்துரையாக மாறுவதும் உண்டு. மாவூட்டப் பானங்கள் நெடுங்காலம் "உடல்நல பானம்" என்னும் தலைப்பில் விற்கப்பட்டன. அப்பெயருக்கு 2006ஆம் ஆண்டின் சட்டத்தில் வரையறை எதுவும் இல்லை. பால், தானியம், மாவூட்டம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பானங்களை இணைய விற்பனைத் தளங்கள் "உடல்நல பானம்" என்றோ "ஆற்றல் பானம்" என்றோ வகைப்படுத்துதல் கூடாது என 2024 ஏப்ரல் மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூன் மாதம், அடர்சாற்றில் நீர் சேர்த்து உருவாக்கப்படும் பானங்களின் மேற்சீட்டிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் "100 விழுக்காடு பழச்சாறு" என்னும் சொற்களை நீக்குமாறு ஆணையிட்டது. பானங்களின் சுவையோ விலையோ இதனால் மாறவில்லை. அவற்றைக் குழந்தைக்கு வாங்கித் தரும் தாய் தந்தையர் எதனை வாங்குகின்றனர் என்பது தெளிவாயிற்று.

இன்று விளம்பரம் தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் மட்டும் வருவதில்லை. கைப்பேசித் திரையில் நண்பரைப் போலப் பேசும் ஒருவர், உணவைப் பற்றி அறிவுரை கூறுவதுபோல் ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறார். அவருக்குப் பணம் தரப்பட்டதா என்பது கேட்போருக்குத் தெரியாது. இவ்வகைப் பரிந்துரைகளுக்கென நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2023ஆம் ஆண்டு இருமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பணமோ பொருளோ பெற்றுப் பேசுபவர் அதனை வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும். உடல்நலம் பற்றிப் பேசும் மருத்துவர்கள் தம் தகுதியைத் தெரிவித்தல் வேண்டும். அத்தகுதி இல்லாதவர்கள், தம் கருத்து மருத்துவ அறிவுரைக்கு மாற்றாகாது என்பதைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

விளம்பர உரிமையும் அறியும் உரிமையும்

இவ்வளவு கட்டுப்பாடு வணிகரின் பேச்சுரிமையைப் பறிப்பதாகாதா என்னும் வினா எழலாம். இந்திய உச்சநீதிமன்றம் 1995ஆம் ஆண்டு டாடா பிரஸ் வழக்கில் இதனை ஆராய்ந்தது. விளம்பரமும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது உறுப்பு அளிக்கும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, பொய்யான, ஏமாற்றுகின்ற விளம்பரங்களை அரசு தடைசெய்யலாம் என்பதையும் ஏற்றது. விளம்பரத்திற்குப் பாதுகாப்பு அளிக்கப்படுவதே, மக்கள் செய்தியை அறியும் உரிமை உடையவர்கள் என்பதனால்தான். மக்களை மயக்கும் விளம்பரம் அப்பாதுகாப்பின் காரணத்தையே இழந்துவிடுகிறது.

வல்லுநர் உணவைப் பற்றிப் பேசவே கூடாது என்பதும் இச்சட்டங்களின் நோக்கமன்று. கீரையின் பயனை மருத்துவர் மேடையில் விளக்கலாம். சர்க்கரையின் தீங்கை ஊட்டச்சத்து அறிஞர் கட்டுரையாக எழுதலாம். அத்தகைய பேச்சு மேலும் பெருகுதல் வேண்டும். ஓர் உரை, விற்பனைக்குரிய ஒரு பொருளின் பெயரோடு பிணைக்கப்படும் இடத்தில்தான் சட்டம் குறுக்கிடுகிறது.

நுகர்வோரின் நான்கு வினாக்கள்

சட்டம் எவ்வளவு விரைந்து செயற்பட்டாலும் விளம்பரம் வெளிவந்த பின்னரே அது செயற்பட இயலும். இடைப்பட்ட காலத்தில் நுகர்வோரைக் காப்பது அவர்தம் அறிவே. வல்லுநர் பெயரால் வரும் எந்த உணவு விளம்பரத்தையும் நான்கு வினாக்களால் அளந்தறியலாம். சொல்பவர் யார்? பெயரும் தகுதியும் இல்லாத வெண்மேலாடை சான்றாகாது. எதைப் பற்றிச் சொல்கிறார்? கால்சியம் எலும்புக்கு நல்லது என்பது ஒரு செய்தி. இந்தப் பொட்டலம் எலும்புக்கு நல்லது என்பது வேறொரு செய்தி. எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறார்? ஆய்வு எங்கே, யாரிடம், எத்தனை பேரிடம் நடத்தப்பட்டது என்பது தெரிதல் வேண்டும். சொல்வதனால் யாருக்குப் பயன்? விடை விற்பவரே எனில், அவ்வுரையை விற்பனைச் சொல்லாகவே கொள்ளுதல் தகும்.

இவ்வினாக்களுக்குரிய விடையின் ஒரு பகுதி பொட்டலத்தின் பின்புறத்திலேயே உள்ளது. சேர்பொருள்கள் எடையளவின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. முதலில் உள்ள பொருளே மிகுதியாக உள்ளது. முன்புறத்தில் பாதாம் பருப்பின் படமும், பின்புறத்தில் இரண்டாவது இடத்தில் சர்க்கரையும் இருந்தால், நம்பத்தக்கது எது என்பது எளிதில் விளங்கும். தவறான விளம்பரத்தைக் கண்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்டந்தோறும் உள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலர்களிடமும் தெரிவிக்கலாம். விளம்பரத் துறையினரே 1985ஆம் ஆண்டு அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் குழுமத்திடமும் முறையிட வழி உண்டு.

சொன்னவரின் பெருமையைக் கடந்து, சொல்லப்பட்டதன் மெய்ம்மையை ஆராய்வதே அறிவு என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்து. மருத்துவரை நம்புதல் தவறன்று. அந்நம்பிக்கை இல்லையேல் எந்த நோயும் தீராது. அந்நம்பிக்கை மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள பொதுச்செல்வம். அதனைக் கடைச்சரக்காக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதையே இச்சட்டங்கள் அனைத்தும் நிலைநாட்டுகின்றன.